காய்ச்சல் வந்தது வவுனிக்குளத்திலை, பி.எச்.ஐ தேடிப்போனது கிளிநொச்சிக்கு: இந்த 544 எண்டால் என்ன?

பாலியாற்றங்கரை
ஞாயிறு, இரவு 9.10

வணக்கம் உறவுகளே. எங்கட வீட்டிலை நடந்த ஒரு விசயத்தைச் சொல்லி, தெரிஞ்ச ஆக்களிட்டை விளக்கம் கேக்கத்தான் இந்த இழையைத் துவங்குறன். கொஞ்சம் நீளம், பொறுத்து வாசியுங்கோ.

அப்பாவுக்கு 61 வயசு. வவுனிக்குளத்துக்குக் கீழை ரெண்டு ஏக்கர் காலபோகம் செய்தவர். அருவிவெட்டு நேரம் மழை கொட்டி வயல் முழுக்கத் தண்ணி. வெட்டு மிசின் புதைஞ்சுபோச்சு. அப்பாவும் இன்னும் நாலு பேரும் முழங்கால் சேத்துக்கை நிண்டு, பலகை குடுத்துத் தள்ளி எடுத்தவை. அதுக்குப் பத்துப் பதினொரு நாளாலை அப்பாவுக்குக் காய்ச்சல். கெண்டைக்கால் தொடேலாத நோ, கண் ரெண்டும் சிவப்பு. முதல் ரெண்டு நாளும் பக்கத்திலை ஒரு தனியார் கிளினிக்கிலை குளிசை எடுத்தம். மூண்டாம் நாள் சலம் போறது குறைஞ்சிட்டுது. பயந்து பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். எலிக்காய்ச்சலா (எலியின்ரை சலம் கலந்த தண்ணி, சேத்தாலை தொத்திறது) இருக்கும் எண்டு உடனை மருந்து ஏத்தத் துவங்கிச்சினம். எட்டு நாள் வாட்டிலை. அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா, இப்ப எழும்பி நடக்கிறார்.

அப்பா வீட்டை வந்து ஒரு கிழமையாலை, கிளிநொச்சியிலை இருக்கிற அக்கா போன் எடுக்கிறா. பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஒருத்தர் அவவின்ரை வீட்டுக்கு வந்து, "544 வந்திருக்கு, எலிக்காய்ச்சல் வந்தவர் எங்கை, எந்த வயலுக்குப் போனவர்" எண்டு விசாரிச்சவராம். அங்கை வயலே இல்லை. பிறகுதான் எனக்கு ஓடி வெளிச்சது. அப்பாவின்ரை அடையாள அட்டை இடம்பெயர்விலை துலைஞ்சு, 2012இலை புதுசு எடுக்கேக்கை அக்கான்ரை விலாசத்தைத்தான் குடுத்தது. ஆஸ்பத்திரியிலை விலாசம் கேக்க, நான் அந்த அட்டையைத்தான் நீட்டினனான்.

இப்ப என்ரை கேள்வி. ஆஸ்பத்திரியிலை படுத்த ஆளின்ரை விபரம் பி.எச்.ஐயிட்டை எப்பிடிப் போனது? அதை வைச்சு அவை என்ன செய்யினம்? அப்பான்ரை காய்ச்சல் இப்ப கிளிநொச்சிக் கணக்கிலையோ, முல்லைத்தீவுக் கணக்கிலையோ? அப்பாவோடை சேத்துக்கை நிண்ட மற்ற நாலு பேரையும் இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து கேக்கேல்லை. அதுதான் எனக்கு மனசுக்கை கிடந்து உறுத்துது.


கனகராயன்
ஞாயிறு, இரவு 10.50

தம்பி, அப்பா தப்பினதே பெரிய காரியம். நான் முப்பது வருசத்துக்குக் கிட்ட பொதுச் சுகாதாரப் பரிசோதகரா இருந்து ஓய்வெடுத்தவன். அதிலை பாதிக்கு மேலை வன்னியிலைதான் ஓடினது. முதல் வேலை முதல்ல: அந்த நாலு பேருக்கும் இப்பவே போன் எடுங்கோ. காய்ச்சலோ, தசை நோவோ, கண் சிவப்போ இருந்தால் விடியும்வரை பாக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். போனதும் "சேத்துத் தண்ணியிலை நிண்டனான், எங்களோடை நிண்ட ஒருத்தருக்கு எலிக்காய்ச்சல்" எண்டு வாய் திறந்து சொல்ல வேணும். அந்த ஒரு வசனம் டொக்டருக்குப் பாதி வேலையை முடிச்சுக் குடுக்கும். இந்த நோய் பெரும்பாலும் ஏழு தொடக்கம் பத்து நாளிலை தெரியும். ஆனால் ஒரு மாதம் வரைக்கும் இழுத்து வந்ததும் இருக்கு.

இனி உங்கட கேள்விக்கு வாறன். எல்லாம் ஒரு துண்டுக் கடதாசியிலைதான் துவங்குது. அதின்ரை இலக்கம் 544. வாட்டிலை டொக்டருக்குச் சந்தேகம் வந்த உடனை அதை நிரப்ப வேணும். இரத்த முடிவு வரட்டும் எண்டு காத்திருக்கிறேல்லை; சந்தேகமே போதும். பேர், வயசு, நோய், காய்ச்சல் துவங்கின திகதி, வீட்டு விலாசம் எல்லாம் அதிலை வரும். இது டொக்டர் விரும்பினால் செய்யிற உதவி இல்லை, சட்டம். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் நடைமுறையிலை இருக்கு. அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்லை, தனியார் கிளினிக் நடத்திறவருக்கும், வைத்தியம் பாக்கிறன் எண்டு சொல்லுற எவருக்கும் அந்தக் கடமை இருக்கு. உங்கட அப்பாவை முதல் ரெண்டு நாள் பாத்த இடத்திலை இருந்து ஒரு 544 போயிருந்தால் என்ரை மனசு ஆறும். அனேகமாப் போயிராது.

அந்தப் படிவம் ஆஸ்பத்திரி இருக்கிற ஊருக்குப் போறேல்லை. நோயாளியின்ரை வீடு எந்தச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலை இருக்கோ, அந்த எம்.ஓ.எச் கந்தோருக்குத்தான் போகும். அங்கை பதிஞ்சு, அந்தப் பகுதி பி.எச்.ஐயின்ரை கையிலை குடுப்பினம். அவர் வீட்டை போய் விசாரிச்சு 411 எண்ட படிவத்தை நிரப்புவார். எம்.ஓ.எச் அதைப் பாத்து, இது அந்த நோய்தான் எண்டு ஏற்றுக்கொண்டால் தொற்றுநோய்ப் பதிவேட்டிலை ஏறும். எங்கட கிழமை சனியிலை துவங்கி வெள்ளியிலை முடியும். அந்த ஏழு நாள் கணக்கும் 399 எண்ட படிவத்திலை கொழும்பிலை இருக்கிற தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். பிரதி ஒண்டு பிராந்தியப் பணிமனைக்கு. நாட்டிலை எல்லா இடத்து 399உம் சேர்ந்துதான் ஒவ்வொரு கிழமையும் அறிக்கையா வருது.

சங்கிலி அவ்வளவுதான். முதல் கண்ணியிலை விலாசம் பிழைச்சால் மிச்சம் முழுக்கப் பிழைச்ச இடத்திலை போய் நிக்கும். உங்கட அப்பா விசயத்திலை அதுதான் நடந்தது. கிளிநொச்சிப் பி.எச்.ஐ தேடிப் போனவர், அது அவரின்ரை கடமை. அங்கை ஆள் இல்லையெண்டால் உரிய பிரிவுக்கு மாத்தி அனுப்ப வேணும். ஆனால் உரிய பிரிவு எது எண்டு சொல்ல ஒருத்தர் வேணும். "ஆளைக் காணவில்லை" எண்டு எழுதின படிவங்களை நான் என்ரை காலத்திலை எத்தினையோ பாத்திருக்கிறன். அந்தக் காய்ச்சல் எந்த ஊருக்கும் சொந்தமில்லாமல் போயிடும்.

வன்னியிலை விலாசம் எண்டிறது தனிப் பிரச்சினை. "புதுக்குடியிருப்பு" எண்டு மட்டும் எழுதின 544 ஒண்டு ஒருக்கால் என்ரை மேசைக்கு வந்தது. முல்லைத்தீவிலை ஒரு புதுக்குடியிருப்பு, மன்னார்த் தீவிலை ஒண்டு, மட்டக்களப்பிலை ஒண்டு. போன் நம்பரும் இல்லை. கடைசியிலை தகப்பன்ரை பேரை வைச்சு, தேத்தண்ணிக் கடையிலை விசாரிச்சுத்தான் வீட்டைப் பிடிச்சனான். எல்லாருக்கும் ரெண்டு விலாசம் இருக்கு தம்பி. அட்டையிலை ஒண்டு, பாய் விரிக்கிற இடம் இன்னொண்டு. எங்களுக்கு வேணுமெண்டது ரெண்டாவது. வயல்காரருக்கெண்டால் வயல் இருக்கிற இடமும் வேணும்.


வாகைநிழல்
திங்கள், காலை 5.35

இரவு வேலை முடிச்சு வந்து வாசிக்கிறன். நான் மெடிக்கல் வாட்டிலை தாதியா இருக்கிறன். கனகராயன் ஐயா சொன்னது அவ்வளவும் சரி. எங்கட பக்கத்திலை இருந்து ஒரு விசயத்தைச் சேர்க்கிறன்.

கன பேர் கோவிக்கிறது இதுக்குத்தான்: "ரெஸ்ட் எடுத்தது, எலிக்காய்ச்சல் இல்லை எண்டு வந்தது, பிறகேன் பி.எச்.ஐ வீட்டை வந்து சனத்துக்கு முன்னாலை எங்களைக் கேள்வி கேக்கிறார்?" எலிக்காய்ச்சலுக்குப் பாக்கிற பிறபொருளெதிரி உடம்பிலை கூடுறதுக்கே ஐஞ்சு தொடக்கம் ஏழு நாள் செல்லும். ரெண்டாம் நாள் எடுத்த இரத்தத்திலை ஒண்டும் காட்டாது. காட்டேல்லை எண்டதுக்காக நோய் இல்லை எண்டு முடிக்கேலாது. சில நாள் கழிச்சு ரெண்டாந்தரம் எடுத்து, முதல் எடுத்ததோடை வைச்சுப் பாத்தால்தான் உறுதி. டெங்கு இதுக்கு மாறி. அதுக்கு முதல் நாலைஞ்சு நாளுக்குள்ளை வைரசின்ரை புரதத்தையே பிடிக்கிற பரிசோதனை இருக்கு. நாள் போகப் போக அதின்ரை பெலன் குறையும். அதுதான் காய்ச்சல் துவங்கின திகதியைக் குடைஞ்சு குடைஞ்சு கேக்கிறது. உங்களை நம்பாமல் இல்லை.

உண்ணிக்காய்ச்சலும் இப்பிடித்தான் ஏமாத்தும். கக்கத்திலையோ, இடுப்பு மடிப்பிலையோ சிகரெட்டாலை சுட்டமாதிரிக் கறுத்த ஒரு பொருக்கு இருக்கும். நோகாது, அதாலை ஒருத்தரும் சொல்லாயினம். வயசான அம்மாக்கள் வெக்கத்திலை காட்டாமலே விட்டுவிடுவினம். தயவுசெய்து காட்டுங்கோ.

முடிவு வரும்வரைக்கும் கடதாசியைப் பிடிச்சு வைச்சிருந்தால், அதுக்குள்ளை அதே வயலுக்குள்ளை இன்னும் பத்துப் பேர் இறங்கிடுவினம். 2024 டிசம்பரிலை வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலை வடமராட்சிப் பக்கம் ஆக்கள் அடுத்தடுத்துச் செத்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். "மர்மக் காய்ச்சல்" எண்டுதான் முதல் செய்தி வந்தது. மாதிரி அனுப்பி எலிக்காய்ச்சல் எண்டு தெரியவர, ஆபத்திலை இருந்த ஆக்களுக்குத் தடுப்புக் குளிசை குடுக்கத் துவங்கிச்சினம். மரணங்கள் ஒரே பக்கத்திலை குவியுது எண்டு ஆரோ கணக்குப் பாத்தபடியாத்தான் அது நடந்தது.

பாலியாற்றங்கரை தம்பி, நாளைக்கே போய் விலாசத்தைத் திருத்துங்கோ. வாட்டுக்கு வரத் தேவையில்லை. உங்கட பக்கத்து எம்.ஓ.எச் கந்தோரிலை, டிஸ்சார்ஜ் துண்டைக் காட்டிச் சொன்னால் போதும்.


நந்திக்கடல்
திங்கள், பகல் 12.20

ஐயாவும் அக்காவும் சொல்லுறது நல்லாத்தான் இருக்கு. ஆனால் எனக்கொரு கேள்வி. கொழும்பு வெளியிடுற கிழமை அறிக்கையை நான் இணையத்திலை எடுத்துப் பாக்கிறனான். எங்கட ஒழுங்கையிலை மூண்டு பேருக்குக் காய்ச்சல் இருந்த ஒரு கிழமை, முல்லைத்தீவு வரியிலை அந்த நோய்க்குப் பூச்சியம் எண்டு கிடந்தது. அப்ப இந்தக் கணக்கு ஆருக்கு? மறைக்கினம் எண்டு சொல்லேல்லை. ஆனால் கண்ணுக்கு முன்னாலை கிடக்கிறது கடதாசியிலை இல்லையெண்டால் அதை நம்பி என்ன செய்யிறது? ஊர்ச் சனம் கேக்குது, எனக்குப் பதில் சொல்லத் தெரியேல்லை.


கனகராயன்
திங்கள், மாலை 6.05

கேட்டது நல்லது தம்பி. இந்தச் சந்தேகத்தை வெளியிலை சொல்லாமல் மனசுக்கை வைச்சிருக்கிறதுதான் கெடுதல்.

உங்கட ஒழுங்கையிலை மூண்டு பேர் எண்டு சொன்னியள். மூண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனவையோ? ஒருத்தர் பனடோல் போட்டுப் படுத்திருப்பார், இன்னொருத்தர் மருந்துக் கடையிலை குளிசை வாங்கியிருப்பார். ஒருத்தர் போயிருந்தாலும் அவரின்ரை 544 அடுத்த கிழமைதான் வந்து சேர்ந்திருக்கும், நோய் உறுதியாகி ஏறுறது அதுக்கும் பிறகு. எந்த நாட்டிலையும் பதிவாகிறது கோபுரத்தின்ரை கலசம் மட்டும்தான். அடிக்கட்டு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். 2017இலை எங்கட நாட்டிலை பதிவான டெங்கு நோயாளர் 186,101 பேர். அவ்வளவு பேருக்குத்தான் வந்தது எண்டு அந்தத் துறையிலை ஒருத்தரும் நினைக்கேல்லை.

அப்ப ஏன் எண்ணுறது? குட்டைக் கோலாலை அளந்தாலும், ஒவ்வொரு கிழமையும் அதே கோலாலை அளந்தால் ஏறுதோ இறங்குதோ எண்டு தெரியும். அதுதான் தேவை. எலிக்காய்ச்சல் ஒவ்வொரு காலபோகத்திலையும் கூடும். கூடினதே செய்தியில்லை. முந்தின வருசங்களிலை இதே கிழமையிலை இருந்ததை விடக் கூடிட்டுதோ எண்டதுதான் செய்தி. மற்றப் பக்கம், சில நோய்க்கு ஒண்டே போதும். வாந்திபேதி (கொலரா), பிளேக், மஞ்சட் காய்ச்சல் மாதிரி ஒண்டெண்டால் கிழமைக் கணக்குக்குக் காத்திராமல் அந்த நிமிசமே போன் போகும். உலக சுகாதார நிறுவனத்தின்ரை 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, எல்லை தாண்டக்கூடிய அவசரநிலை எண்டு கணிச்சால் நாடு 24 மணித்தியாலத்துக்குள்ளை அந்த நிறுவனத்துக்கு அறிவிக்க வேணும். அங்கை போற தகவலும் எங்கையோ ஒரு வாட்டிலை எழுதின துண்டிலைதான் துவங்குது.

அறிக்கையை எடுத்துப் பாக்கிறனான் எண்டு சொன்னீங்கள், சந்தோசம். ஒவ்வொரு நோய்க்கும் ரெண்டு நிரல் இருக்கும். ஒண்டு அந்தக் கிழமைக்கு, மற்றது வருசத் துவக்கத்திலை இருந்து கூட்டினது. வரியின்ரை கடைசிக்குப் போங்கோ. அங்கை ரெண்டு வீதம் கிடக்கும்: கடதாசி நேரத்துக்கு வந்ததோ, எல்லாப் பிரிவிலை இருந்தும் வந்ததோ எண்டு. பூச்சியத்தைக் கண்டால் அந்தக் கடைசி நிரலைப் பாக்காமல் நம்பக் கூடாது. எண்ணிப் பாத்து ஒருத்தரும் இல்லையெண்டு வாற பூச்சியம் ஒண்டு. ஒருத்தரும் எண்ணாததாலை வாற பூச்சியம் இன்னொண்டு.

போலியோவைப் பாருங்கோ. நாட்டிலை கடைசி நோயாளி 1993இலை. இண்டைக்கும் 15 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குத் திடீரெண்டு கை கால் சோர்ந்தால், காரணம் என்னவாயிருந்தாலும் உடனை அறிவிச்சு, ரெண்டு மல மாதிரி எடுத்துக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப வேணும். ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு வருசத்திலை ஒண்டாவது இப்பிடி அகப்பட வேணும் எண்டு அளவு வைச்சிருக்கினம். ஒண்டும் அகப்படாத மாவட்டத்தைப் பாராட்டுறேல்லை, "நீங்கள் தேடுறியளோ?" எண்டு கேப்பினம். ஒருத்தரும் இல்லையெண்டாலும் "இல்லை" எண்டு எழுதித்தான் அனுப்ப வேணும்.


புளியங்குளம் ரீச்சர்
திங்கள், இரவு 8.40

கனகராயன் ஐயாவின்ரை பேச்சைக் கேக்க எனக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வருது.

சில வருசத்துக்கு முந்தி, ஒரு கோயில் அன்னதானத்துக்குப் பிறகு எங்கட வகுப்புப் பிள்ளைகள் கன பேருக்கு வயித்தாலை அடி. ஊர் முழுக்கச் சாம்பாரிலை பிழை எண்டு முடிவு கட்டிப்போட்டுது. சமைச்ச அம்மா தலை காட்டாமல் வீட்டுக்குள்ளை இருந்து அழுதா. அடுத்தநாள் பி.எச்.ஐ பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நோய் வந்த பிள்ளைகளை மட்டும் கூப்பிடுவார் எண்டு நினைச்சன். அவர் வகுப்பு இடாப்பை வாங்கி, வராத பிள்ளைகளையும் ஒவ்வொருத்தராக் கூப்பிட்டார். "சோறு சாப்பிட்டனியோ? சாம்பார்? பாயாசம்? மோர்? எத்தினை மணிக்கு வயித்துக்கை குத்தத் துவங்கினது?" ஒரு கணக்குக் கொப்பியைத் திறந்து கட்டம் கட்டமாக் கோடு கீறிக்கொண்டே போனார்.

நான் கேட்டன், "சேர், சுகமா நிக்கிற பிள்ளையை ஏன் கேக்கிறியள்?" அவர் சொன்னார்: "ரீச்சர், சாம்பார் எல்லாரும்தான் சாப்பிட்டவை. வருத்தக்காரரை மட்டும் கேட்டால் சாம்பார்தான் எண்டு வரும். சாம்பார் சாப்பிட்டும் சுகமா நிக்கிற பிள்ளைதான் எனக்கு உண்மையைச் சொல்லும்."

கடைசியிலை மோர்ப் பானையிலைதான் வந்து நிண்டது. அதுக்கு விட்ட தண்ணி மூடாத கிணத்துத் தண்ணி. கிணத்துக்குக் குளோரின் போட்டினம். சாம்பார் வைச்ச அம்மா அதுக்குப் பிறகுதான் வெளியிலை வந்தா. பின்னேரம் அந்தக் கொப்பியைக் காட்டியே ஒன்பதாம் வகுப்புக்கு வீதம் படிப்பிச்சனான்.


கனகராயன்
திங்கள், இரவு 9.15

ரீச்சர், அந்தப் பி.எச்.ஐ ஆரோ தெரியாது, ஆனால் கும்பிட வேணும். கணக்கு இப்பிடித்தான். உதாரணத்துக்கு, மோர் குடிச்ச 50 பேரிலை 30 பேருக்கு வருத்தம், குடிக்காத 50 பேரிலை 3 பேருக்குத்தான் எண்டு வையுங்கோ. ஒரு பக்கம் 60 வீதம், மற்றப் பக்கம் 6 வீதம். சாம்பாருக்குப் போட்டுப் பாத்தால் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்டா இருக்கும். குற்றவாளி ஆரெண்டு கடதாசியே காட்டும். மணித்தியாலமும் முக்கியம்: சாப்பிட்டு ஒண்டு தொடக்கம் ஆறு மணித்தியாலத்துக்குள்ளை சத்தியெண்டால் சாப்பாட்டிலை முன்னமே ஊறின நஞ்சைச் சந்தேகிப்பம். அரை நாள், ஒரு நாள் கழிச்சு வயித்தோட்டமெண்டால் உள்ளை போய்ப் பெருகிற கிருமி.

லண்டனிலை 1854இலை ஜோன் சினோ எண்ட டொக்டர் வாந்திபேதிச் சாவுகளை வீடு வீடாப் படத்திலை குறிச்சு, ஒரு தெருத் தண்ணிப் பம்பியிலை போய் முட்டினதும் இதே வழிதான். வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் லட்சக்கணக்கிலை சனம் சேரேக்கை, பி.எச்.ஐமார் தண்ணித் தாங்கியையும் சாப்பாட்டுக் கடையையும் சுத்திச் சுத்தி வாறதும் இதுக்குத்தான். அவையைக் கண்டால் கடைக்காரர் முகம் சுளிப்பினம். எனக்கு அது பழகிட்டுது.


பேசாலை வாடைக்காத்து
செவ்வாய், காலை 7.00

மன்னார்ப் பக்கத்திலை இருந்து ஒரு விசயம். எங்கட அப்பா காலத்திலை வன்னியிலை மலேரியா வராத வீடில்லை. கொயினைன் கசப்பை அம்மா இண்டைக்கும் சொல்லுவா. 1999இலை நாடு முழுக்க ரெண்டரை லட்சத்துக்கு மேலை பதிவு, அதிலை பெரும்பங்கு வடக்குக் கிழக்கு. 2012 ஒக்டோபரோடை உள்ளூரிலை தொத்தின நோயாளி நிண்டிட்டுது. 2016 செப்டெம்பரிலை உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு எண்டு சான்றிதழ் தந்தது.

அதே வருசம் டிசம்பரிலைதான் மன்னார்க் கிணறுகளிலை அனோபிலிஸ் ஸ்டீபன்சி எண்ட நுளம்பின்ரை குடம்பியைக் கண்டுபிடிச்சவை. இந்தியப் பட்டினங்களிலை மலேரியா பரப்பிறது அந்த நுளம்புதான். சென்னையிலை மொட்டைமாடித் தாங்கியிலை பெருகிறது. எங்கட நாட்டிலை அதுக்கு முதல் இருந்ததில்லை. ஒருத்தருக்கும் காய்ச்சல் இல்லாத நேரத்திலை, மலேரியாத் தடை இயக்கத்து ஆக்கள் எங்கட வளவுக் கிணத்துக்கை அகப்பையை விட்டு, வெள்ளைத் தட்டிலை ஊத்தி, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்ததை நான் நேரிலை கண்டனான். காய்ச்சல் இல்லாத ஊரிலை இதென்ன வேலை எண்டு அயலிலை கதைச்சவை. அவை பாத்திராட்டில் அந்த நுளம்பு வந்ததே தெரிஞ்சிராது. பிறகு கிணத்துக்கை மீன் விட்டினம்.

நுளம்பு இருக்கு, நோய்க்கிருமி இல்லை. அது வெளியிலை இருந்து ஒரு ஆளின்ரை இரத்தத்திலை வந்தால் காணும். அதாலை இந்தியாவிலை இருந்தோ ஆபிரிக்காவிலை இருந்தோ வந்த ஆக்கள் காய்ச்சலெண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் "வெளிநாடு போய் வந்தனான்" எண்டு மறைக்காமல் சொல்லுங்கோ. இந்தியாவிலை அகதி முகாமிலை இருந்து திரும்பி வந்த சொந்தங்களுக்கும் இது சொல்ல வேணும். இரத்தம் குத்தி எடுக்கிறதைப் பாத்துப் பயப்பிடத் தேவையில்லை. ஒருத்தருக்கு இருந்தால் சுத்திவர உள்ள வீட்டுக்காரரையும் பாப்பினம், நுளம்பும் பிடிப்பினம்.


செட்டிகுளத்தில் இருந்தவள்
செவ்வாய், இரவு 10.10

இதை எழுதலாமோ எண்டு ரெண்டு நாள் யோசிச்சன்.

2009இலை, போராலை இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலை இருந்தனான், எனக்கு அப்ப 22 வயசு. ஏ.எல் படிச்சனான் எண்டதாலை சுகாதாரத் தொண்டரா எடுத்தவை. ஒவ்வொரு நாளும் காலமை எங்கட பக்கத்துக் கூடாரங்களைச் சுத்தி வருவன். கையிலை ஒரு கடதாசி மட்டை, நாலு நிரல்: காய்ச்சல், வயித்தாலை, மஞ்சட் கண், கொப்புளம். ஆளைக் கண்டால் ஒரு கோடு. நாலு கோட்டுக்கு ஐஞ்சாவது குறுக்காலை. பேர் எழுதிறேல்லை, கூடார இலக்கம் மட்டும். மத்தியானம் கொண்டுபோய்க் குடுப்பன்.

முதல் கிழமை எனக்கு அதிலை கோவம்தான் வந்தது. சனம் எல்லாத்தையும் இழந்துபோய் இருக்கு, நான் கோடு கீறிக்கொண்டு திரியிறன். ஒரு அம்மா முகத்துக்கு நேரை கேட்டா, "பிள்ளை, எண்ணினால் சுகம் வருமோ?" எனக்குப் பதில் வரேல்லை.

பிறகு மஞ்சட் கண் நிரலிலை கோடு ஏறத் துவங்கினது. செங்கமாரி, ஹெப்பரைற்றிஸ் ஏ. மற்றப் பக்கங்களிலையும் அப்பிடித்தான் எண்டு தெரிஞ்சது. எங்களைக் கூட்டிக் கதைச்ச ஒரு டொக்டர் அண்டைக்கு ஒரு விசயம் விளங்கப்படுத்தினார். இந்தக் கிருமி உள்ளை போய்க் கண் மஞ்சளாக ஒரு மாதமளவிலை செல்லும். எனவே இண்டைக்கு நீங்கள் கீறுற கோடு, போன மாதம் குடிச்ச தண்ணியைச் சொல்லுது. இண்டைக்குத் தண்ணியைச் சரியாக்கினாலும் இன்னும் சில கிழமைக்குக் கோடு ஏறத்தான் செய்யும், அதைப் பாத்துக் கைவிட்டிடாதையுங்கோ எண்டார். அப்பிடித்தான் நடந்தது. கொதிச்சாறின தண்ணி, குளோரின், மலசலகூடம் எண்டு நிண்டு செய்யச் செய்யவும் ஏறினது. பிறகு எங்கட பக்கத்திலை இறங்கினது. இறங்கினதை எல்லாருக்கும் முதல் கண்டது நான்தான், என்ரை மட்டையிலை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்கு இண்டைக்கும் எனக்குச் சரியான பதில் இல்லை. ஆனால் அந்தக் கோடுகள் ஒவ்வொண்டும் ஒரு கூடாரத்து வாசல் எண்டு எனக்குத் தெரியும். கிழமை அறிக்கையிலை ஒரு இலக்கத்தைப் பாக்கேக்கை இப்பவும் அந்த வாசல்கள்தான் கண்ணுக்கை வரும்.


வாகைநிழல்
செவ்வாய், இரவு 11.30

அக்கா, இதை எழுதினதுக்கு நன்றி. கண் கலங்கிப்போச்சு. இனி 544 எழுதேக்கை உங்களை நினைப்பன்.


நந்திக்கடல்
புதன், காலை 6.15

எனக்கு விளங்கிட்டுது ஐயா. எங்கட ஒழுங்கையிலை மற்ற ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகேல்லை எண்டது உண்மை. நேற்று அந்தக் கடைசி ரெண்டு நிரலையும் போய்ப் பாத்தன். இவ்வளவு நாளும் அதைத் தாண்டிப் போயிருக்கிறன். எங்கட கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலை இதைக் கதைக்கப்போறன். பி.எச்.ஐயைக் கூப்பிடலாமோ?


கனகராயன்
புதன், காலை 8.00

தாராளமாக் கூப்பிடுங்கோ. சந்தோசமா வருவினம். வயல் இறங்கிற காலத்துக்கு ஒரு மாதம் முந்திக் கூப்பிட்டால் இன்னும் நல்லம். தடுப்புக் குளிசைக்குப் பேர் பதியலாம். அது டொக்சிசைக்ளின், கிழமைக்கொருக்கால். கடையிலை வாங்கி அவரவர் எண்ணத்துக்குப் போடுற மருந்தில்லை. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கூடாது. எம்.ஓ.எச் கந்தோரிலை கேட்டுத்தான் எடுக்க வேணும்.

பாலியாற்றங்கரைத் தம்பியைக் காணேல்லை. என்ன நிலைமை?


பாலியாற்றங்கரை
புதன், இரவு 9.40

மன்னிக்கோணும் ஐயா, ரெண்டு நாளும் ஓட்டம்தான்.

ஞாயிறு இரவே நாலு பேருக்கும் போன் எடுத்தனான். மூண்டு பேர் சுகம். ஒருத்தருக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல், பனடோல் போட்டுக்கொண்டு மாடு பாத்துத் திரிஞ்சிருக்கிறார். விடியக் கூட்டிக்கொண்டு போனம். நீங்கள் சொன்ன வசனத்தை அப்பிடியே சொன்னவர். மறிச்சுப்போட்டினம். இப்ப பரவாயில்லை எண்டு மனிசி சொல்லுறா. விலாசம் கேக்க, அட்டையைக் குடுக்காமல் வயலின்ரை இடத்தையும் வீட்டையும் வாயாலை சொல்லி, என்ரை நம்பரையும் எழுதுவிச்சனான்.

திங்கள் பின்னேரம் எம்.ஓ.எச் கந்தோருக்குப் போனன். அப்பான்ரை துண்டைப் பாத்து எழுதி எடுத்துக்கொண்டு, கிளிநொச்சிக்குப் போன் பண்ணி அங்கத்தைய பதிவை இங்கை மாத்தச் சொல்லிச்சினம். செவ்வாய் காலமை எங்கட பகுதிப் பி.எச்.ஐ வந்தார். வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனன். மிசின் புதைஞ்ச பள்ளத்திலை இன்னும் தண்ணி நிக்குது. வரம்பிலை எலி வளையை ஒவ்வொண்டா எண்ணினார். பிறகு அப்பாவோடை இருந்து, காய்ச்சல் எப்ப துவங்கினது எண்டு கேட்டார். அப்பா "போன மாதம்" எண்டார். "நெல்லு ஏத்தின லொறி வந்த நாளுக்கு முன்னமோ பின்னமோ?" எண்டு அவர் திருப்பிக் கேக்க, அப்பா யோசிச்சுத் திகதியையே சொன்னார். அந்த வெளிக்கை இறங்கிற எல்லாருக்கும் குளிசை குடுக்க ஒழுங்கு செய்யிறதாச் சொன்னவர்.

போகேக்கை ஒண்டு கேட்டார். "சேத்துக்கை நிண்டது ஐஞ்சு பேர் எண்டு சொன்னீங்கள். மிசின் ஓடினவர் இறங்கேல்லையோ?" எனக்கு நெஞ்சு திக்கெண்டது. அவரும் இறங்கித்தான் தள்ளினவர். நாங்கள் ஒருத்தரும் அவரைக் கணக்கிலை எடுக்கவே இல்லை. பொலன்னறுவைப் பக்கத்து ஆள், மிசினோடை ஊர் ஊராப் போறவர். கூலி குடுத்த நேரம் வாங்கின நம்பர் என்னட்டை இருந்தது. அந்த இடத்திலையே எடுத்தம். ஆள் இப்ப அம்பாறையிலை வெட்டுறார், காய்ச்சல் இல்லையாம். கால் மட்டும் கொஞ்சம் உளையுது எண்டார். பி.எச்.ஐ போனை வாங்கி, சிங்களத்திலை ஐஞ்சு நிமிசம் கதைச்சு, எந்த ஊரிலை தங்கியிருக்கிறார் எண்டு கேட்டுத் தன்ரை கொப்பியிலை எழுதினார். அட்டையிலை இருக்கிற விலாசத்தை அவர் கேக்கேல்லை.